சம எடையில் ஒரு தீமை

எங்கள் நிலையத்தில் இரண்டு கட்டடங்கள் உண்டு. ஒன்று நன்மைக் கட்டடம், அதற்கு எதிரே தீமைக் கட்டடம். நடுவில் ஒரு புல்தரை. அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. மரபணுவை மாற்றிச் செய்த பயிரோ மருந்தோ மீனோ எது வந்தாலும், அதனால் விளையும் நன்மையை இந்தப் பக்கத்தில் கண்டுபிடிப்பார்கள், தீமையை அந்தப் பக்கத்தில் கண்டுபிடிப்பார்கள். பதவி உயர்வு வந்தால் இந்தப் பக்கத்து அதிகாரி அந்தப் பக்கம் போவார். நேற்றுவரை கத்திரிக்காயை உலகத்துக்கு வந்த விடிவு என்று பேசிக்கொண்டிருந்தவர், இன்று காலையில் புல்தரையைச் சுற்றிக்கொண்டு போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அதே கத்திரிக்காயை உலகத்துக்கு வந்த கேடு என்பார். இரண்டையும் மனசாரத்தான் சொல்வார். குறை சொல்ல முடியாது, சம்பளம் கூடியிருக்கிறதே.

நான் தோட்டத்தில் பை கட்டுகிறவன். பின்புறத்தில் இருக்கும் கத்திரிச் செடிகளுக்குள் மண்ணில் வாழும் ஏதோ ஒரு கிருமியின் மரபணுவை வைத்திருக்கிறார்கள். காய்ப்புழு அந்தக் காயைக் கடித்தால் அதோடு சரி, மருந்து அடிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பூவின் மகரந்தம் காற்றிலோ தேனீயின் காலிலோ ஒட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே போய்விடக் கூடாது. அதற்காகப் பூவுக்குப் பூ ஒரு காகிதப் பையை மாட்டிக் காம்பில் நூலால் கட்டவேண்டும். காலையிலிருந்து குனிந்து கட்டினால், சாயங்காலம் நிமிரும்போது இது யாருடைய முதுகு என்று சந்தேகம் வரும்.

இரண்டு கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே இயக்குநர். தோட்டத்து ஆட்கள் அவரைத் தராசு ஐயா என்போம், அவர் காதில் விழாமல். அவருடைய அறைக்கு வெளியே ஒரு பெரிய பலகை இருக்கிறது. அதில் கொக்கிகள் இரண்டிரண்டாக அடித்திருக்கும். இடது கொக்கியில் ஒரு நன்மை அட்டை, வலது கொக்கியில் அதற்கு ஜோடியாக ஒரு தீமை அட்டை. ஜோடி சேராத அட்டையை மாட்டக் கூடாது என்பது சட்டம். நன்மை ஒன்று அதிகமானால் நிலையம் கம்பெனிக்காரர்களின் கைக்கூலி என்பார்கள், தீமை ஒன்று அதிகமானால் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்பார்கள். சமமாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குத்தான் எங்கள் நிலையம் பேர் போனது.

ஆண்டு விழாவில் அவர் இப்படித்தான் பேசினார்: "இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரே ஒரு விஷயத்தில்கூட நாம் முடிவுக்கு வந்ததில்லை. அவசரப்பட்டு முடிவுக்கு வந்த எத்தனையோ நிலையங்கள் முடிவுக்கே வந்துவிட்டன. நாம் இருக்கிறோம்." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உட்கார நாற்காலி கொடுத்திருந்தார்கள்.

சனியன் பிடித்தது ஒரு கைத்துண்டில். வெளியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் சாப்பாட்டுக் கூடத்தில் கையைத் துடைத்துவிட்டு, அந்தத் துண்டைத் தூக்கிப் பிடித்து, "இது எந்தப் பருத்தி?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மரபணு மாற்றிய பருத்தி என்று வந்தது. கடையில் கிடைப்பதில் முக்கால்வாசி அதுதானாம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஆட்கள், தீர்ப்புக்குக் காத்திருக்கும் பொருளிலேயே கையைத் துடைக்கலாமா என்று விருந்தாளி கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

மறுநாள் உத்தரவு வந்தது. முடிவு தெரியும்வரை, மரபணு மாற்றம் சம்பந்தப்பட்ட எந்தப் பொருளையும் வளாகத்துக்குள் பயன்படுத்தக் கூடாது. முடிவு எப்போது தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டு விழாவில் எல்லாரும் கை தட்டியவர்கள்தானே.

திரைச்சீலைகளைக் கழற்றினார்கள். துண்டுகளை மூட்டை கட்டினார்கள். சலவைத்தூளில் கறையைத் தின்னும் சரக்கை மரபணு மாற்றிய கிருமியிடமிருந்துதான் எடுக்கிறார்கள் என்று ஒருவர் கண்டுபிடித்தார், அதற்கும் சீல். பிறகு சட்டைக்கு வந்தார்கள். அதிகாரிகள் பட்டிலும் நைலானிலும் வர ஆரம்பித்தார்கள். தராசு ஐயாவிடம் இரண்டுமே இல்லை. அவர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார், நல்ல வெயிலில். சம்பள அறையில் ஒரு குமாஸ்தா எழுந்து, ரூபாய் நோட்டையும் பருத்தியில்தானே செய்கிறார்கள் என்று கேட்டான். அந்தக் கேள்வி தராசு ஐயா போட்ட தடைக் குழுவின் எல்லைக்குள் வராது என்று உடனே முடிவு செய்தார்கள். எனக்குத் தெரிந்து அதுவரை நிலையம் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

பை கட்டும் நூலும் பருத்தி நூல். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நூல் இல்லாமல் பை நிற்குமா? காற்று அடித்ததும் பைகள் பறந்துபோயின, தேனீக்கள் வந்தன. மரபணு மாற்றிய எதையும் தொடக் கூடாது என்ற சட்டத்தால், மரபணு மாற்றிய மகரந்தம் வேலியைத் தாண்டி எல்லாப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. போய்ச் சொன்னேன். தோட்ட விவகாரத்துக்குத் தனி மனு போடச் சொன்னார்கள். போட்டேன்.

இதெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை. மருந்தகத்துக் குளிர்பெட்டியைப் பூட்டிச் சீல் வைத்தார்களே, அதுதான் என் வீட்டுக் கதவைத் தட்டியது.

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போடாமல் அவளால் இருக்க முடியாது. ஊழியர் குடும்பத்துக்கு நிலையத்து மருந்தகத்தில் கொடுப்பார்கள். வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், "நீங்க நிலையத்து ஆளுங்க, அங்கேயே வாங்கிக்குங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடையில் வாங்குவது என்பது என்னைப் போன்றவனுக்குக் கடையைப் பார்த்துவிட்டு வருவதுதான்.

மருந்தகத்துக் கம்பவுண்டர் நல்ல மனிதர், பயந்தவர்.

"உள்ள இருக்கா, இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்கு. வரிசையா அடுக்கி வச்சிருக்கேன். கண்ணாடி வழியாப் பாரு. பாக்கறதுக்குத் தடை இல்ல."

"பாத்தா சக்கரை குறையுமா?"

"அதுக்கு இன்னும் ஆராய்ச்சி பண்ணல."

"இன்சுலினுக்கும் கத்திரிக்காய்க்கும் என்னண்ணே சம்பந்தம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "முன்னெல்லாம் பன்னி, மாடு கணையத்துல இருந்து எடுத்தாங்க. இப்ப மனுஷனோட மரபணுவை ஒரு கிருமிக்குள்ள வச்சு, தொட்டியில வளத்து எடுக்கறாங்க. இத்தனை வருஷமா உன் வீட்டுக்காரி போட்டுக்கிட்டதெல்லாம் அதுதான்."

"அவகிட்ட சொல்லிடாதீங்க. பால்ல எறும்பு கிடந்தாலே ஊத்திடுவா."

"சொல்ல மாட்டேன். நீ நன்மைக் கட்டடத்துக்குப் போ. அவங்கதான் விடணும்."

நன்மை அதிகாரி பட்டுச்சட்டையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இன்சுலின் என்று சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்சுலினா? அடடா. மரபணு மாற்றத்தோட முத்துல்ல அது. யோசிச்சுப் பாருப்பா, முன்னாடி ஒரு குப்பி மருந்துக்கு எத்தனை பிராணி. அதுவும் சில பேருக்கு ஒத்துக்காது. இன்னிக்கு ஒரு தொட்டி கிருமி போதும், சுத்தமான மனுஷ இன்சுலின். கோடிக்கணக்கான பேர் உயிரோட இருக்காங்க. இதைப் பத்தி நான் நாலு கூட்டத்துல பேசியிருக்கேன். கேக்கறவங்க அழுதிருக்காங்க."

"அப்ப கொடுத்துடலாமா சார்?"

"எப்படிக் கொடுக்கறது?" என்று அவர் உட்கார்ந்தார். "பலகையில அது இல்லையே. இத்தனை பெரிய நன்மைக்கு ஜோடி கிடைக்கலப்பா. பூச்சி தாக்காத பயிருக்கு ஜோடி இருக்கு, மருந்து குடிச்சுப் பழகின பூச்சி. களைக்கொல்லிக்குச் சாகாத பயிருக்கு ஜோடி இருக்கு, களைக்கொல்லிக்குச் சாகாத களை. நல்ல விளைச்சலுக்கு ஜோடி, வருஷா வருஷம் கம்பெனிக்காரன்கிட்டயே விதைக்குப் போய் நிக்கறது. சத்து சேத்த அரிசிக்குக்கூட ஒண்ணு தேத்திட்டாங்க. இன்சுலின் மட்டும் தனிக்கட்டையா நிக்குது. நீ எதிர்ப்பக்கம் போய்ச் சம எடையில ஒரு தீமை வாங்கிட்டு வா. நான் அந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்."

"நான் எப்படி சார் வாங்கறது? கடைச் சாமானா?"

"தேவைப்படறவன்தானே தேடணும். எனக்குச் சர்க்கரை இல்லையே."

புல்தரையைச் சுற்றிக்கொண்டு தீமைக் கட்டடத்துக்குப் போனேன். அங்கே அதிகாரி ஒரு அம்மா. மரியாதையானவர், எல்லாரையும் நீங்க என்றுதான் சொல்வார். நைலான் புடவை சரசரவென்றது.

"இன்சுலினா?" என்று பெருமூச்சு விட்டார். "எனக்கு அதை நெனைச்சாலே தூக்கம் வர்றதில்லைங்க. கத்திரிக்காய் இருக்கே, அது நல்ல பிள்ளை. மகரந்தம் பறக்கும், பக்கத்து வயல்ல கலக்கும், ஒரே ரகம் ஊரெல்லாம் பரவும், புதுசா ஒரு புரதம் யாருக்காவது ஒத்துக்காம போகும். கேட்டதெல்லாம் கொடுக்கும். இந்த இன்சுலின் மூடின தொட்டிக்குள்ளேயே வளருது. பூவும் இல்ல, தேனீயும் இல்ல. பிடிக்க ஒரு காம்புகூடக் கொடுக்கல. திமிரு பிடிச்ச மருந்துங்க அது."

"அப்ப தீமை இல்லைன்னு எழுதிக் கொடுத்துடுங்கம்மா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இல்லைன்னு எழுதினா இந்தக் கட்டடம் எதுக்கு? உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஊசி போட்ட இடத்துல வீக்கம், அரிப்பு ஏதாவது?"

"இல்லம்மா."

"தோல் கறுத்துப் போச்சா?"

"அவ நிறமே அதுதாம்மா."

"ஊசி குத்தின வலின்னு மட்டும் சொல்லாதீங்க. அது எல்லா ஊசிக்கும் பொது. வீட்டுல போய் நல்லா யோசிக்கச் சொல்லுங்க. மனசு வச்சா எல்லாத்துலயும் ஒரு கெடுதல் இருக்கும்."

வீட்டில் என் மனைவி இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய சட்டைகள் அவள் கையால்தான் மடிப்பு வாங்குகின்றன. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. குடிப்பதும் பின்பக்கம் போவதுமாக இருந்தாள். பழைய குப்பியில் மிச்சமிருந்ததைப் பாதிப் பாதியாகப் போட்டு ஓட்டினாள், அதுவும் அன்று காலையோடு தீர்ந்திருந்தது.

"கெடைச்சுதா?"

"இன்னும் இல்ல. ஒண்ணு கேக்கணும். அந்த ஊசியால உனக்கு என்ன கெடுதல்?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஊசி இல்லாததுதான் கெடுதல்."

"அது கணக்குல வராதாம். போட்டதால வந்த கெடுதல் வேணும். கனமா இருந்தா நல்லது."

"நீங்க மருந்து வாங்கப் போனீங்களா, வம்பு வாங்கப் போனீங்களா?"

"யோசிச்சுச் சொல்லும்மா. வெறும் கையோட போக முடியாது."

அவள் செம்பிலிருந்து ஒரு வாய் குடித்தாள். அப்புறம் சொன்னாள்: "ஒண்ணு இருக்கு. அது மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன். அதைப் போட்டுப் போட்டுத்தானே இத்தனை வருஷம் உங்களோட குப்பை கொட்ட வேண்டியதாப் போச்சு. இதைவிடக் கெடுதல் என்ன வேணும்? போய்ச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சுப் போதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் போய் அப்படியே சொன்னேன். என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

தீமை அதிகாரியின் பேனா நின்றது. "திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"மருந்தோட நேரடி விளைவு, ஆயுள் நீடிக்குது," என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஆயுள் நீடிச்சதோட நேரடி விளைவு, புருஷனோட தொடர்ந்து வாழ வேண்டியிருக்கு. சங்கிலி எங்கயும் அறுபடல." அவர் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா நாங்க கிருமியில தேடினோம், தொட்டியில தேடினோம். புருஷன் பக்கம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கலைங்க."

சரசரவென்று புடவையைப் பிடித்துக்கொண்டு புல்தரையின் குறுக்கே நடந்தார். காவலாளி விசிலை வாயில் வைத்தவன் ஊதாமல் நின்றான். நன்மை அதிகாரி வாசலுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கட்டடத்து ஆட்களும் ஒன்றாக டீ குடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மருந்து, சார்?" என்றேன்.

"தீமை கெடைச்சாச்சுப்பா. எடைதான் பாக்கணும்," என்றார் நன்மை அதிகாரி. "மருந்தோட நன்மை ஒரு உயிர். நீ அந்த அளவுக்கு மோசமானவனா இருக்கணுமே. பாத்தா தெரியல. ஆனா பாத்து என்ன தெரியும். விசாரிப்போம்."

விசாரணைக்கு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் நன்மைப் பக்கம், ஒருவர் தீமைப் பக்கம். மூலையில் உட்கார்ந்து, "நாங்க இருக்கறதையே மறந்துட்டு எப்பவும் போல கெடுதலா இருங்க" என்றார்கள். நான் என்னால் ஆனதைச் செய்தேன். "எங்கடீ டீ?" என்று அதட்டினேன். அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. உள்ளிருந்து, "அடுப்புல இருக்கு, எடுத்துக்குங்க. எனக்கு எந்திரிக்க முடியல" என்றாள். நான் போய் எடுத்துக்கொண்டேன். அவளுக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்கலாமா என்று அவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். தீமைப் பக்கத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் ஓடினேன்.

"அண்ணே, உங்ககிட்ட விசாரிக்க வருவாங்க. எனக்காக ரெண்டு வார்த்தை தப்பாச் சொல்லுங்க."

"உன்னைப் பத்தியா? எதுக்குப்பா?"

"அவ மருந்துக்கு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார். "சரி. பொண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி, இவன் வாயே திறக்க மாட்டான், மண்ணாந்தைன்னு சொல்றேன். போதுமா?"

"அது நிஜம்தானேண்ணே."

"நிஜமாத்தான் சொல்லணும். பொய் சொல்லிப் பழக்கம் இல்ல."

ஆனால் விசாரணைக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும், எனக்கு ஏதோ பதவி கொடுக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தங்கமான மனுஷன், தெருவில் இவர்போல் ஆள் கிடையாது, பாம்புக்கும் வழி விட்டுப் போவார் என்று அடுக்கிவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரியும் வந்து சேர்ந்துகொண்டு, செத்தவனைப் புகழ்வதுபோல் என்னைப் புகழ்ந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கும்போதே இப்படிக் கேட்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கும்? அழுகை வந்தது.

குழு கூடிய அன்று அவளைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஏறும்போதே கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். கூடத்தில் திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியாக வெயில் கொட்டியது. தராசு ஐயா மழைக்கோட்டோடு நடுவில் இருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள். சாட்சிக்காகக் கம்பவுண்டரையும் வரச் சொல்லி ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

தராசு ஐயா பேசினார்: "இன்று ஒரு முக்கியமான நாள். ஒரு பெண்ணின் உயிர் நம் கையில் இருக்கிறது. ஆகவே நாம் அவசரப்படக் கூடாது. சாதாரண விஷயமாக இருந்தால் சீக்கிரம் முடித்துவிடலாம். உயிர் போகிற விஷயம் என்பதால் நிதானமாகத்தான் போக வேண்டும்."

பிறகு அவளைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் அடிப்பாரா?" என்று கேட்டார் தீமை அதிகாரி.

"இல்ல."

"குடிச்சுட்டு வருவாரா?"

"டீ குடிப்பாரு."

"திட்டுவாரா?"

"எங்க வீட்டுல அது என் வேலை."

"வேற பொம்பளை சகவாசம் ஏதாவது?"

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவருக்கா?" என்றாள். கம்பவுண்டர் சிரிப்பை இருமலாக்கினார்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா," என்று நன்மை அதிகாரி கெஞ்சினார். "நாங்க உங்களுக்கு உதவத்தான் உக்காந்திருக்கோம்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "தேய்ச்சு வச்ச துணி மேல ஈரத்துண்டைப் போடுவாரு. குறட்டை விடுவாரு. எதைக் கேட்டாலும் பாக்கலாம்பாரு. என் தம்பி வந்தா முகம் கொடுத்துப் பேச மாட்டாரு. கொட்டாவி விட்டுக்கிட்டே பதில் சொல்வாரு."

ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் பேசி எடை போட்டார்கள். லேசு, லேசு, ரொம்ப லேசு. தம்பி விஷயத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு தராசு ஐயா பெருமூச்சு விட்டார்.

"எங்களுக்கு வருத்தம்தாம்மா. அந்தப் பக்கம் ஒரு உயிர், இந்தப் பக்கம் ஒரு ஈரத்துண்டு. எப்படிச் சமமாகும்? அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைப்போம். அதுக்குள்ள இவர் கொஞ்சம் முயற்சி பண்ணட்டும்."

அவள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். முழுச் செம்பையும் குடித்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. எழுதிக்கிறீங்களா?"

குறிப்பெழுத உட்கார்ந்திருந்த குமாஸ்தா பேனாவை எடுத்தான்.

"மருந்து இருக்கற பெட்டி இங்கதான் இருக்கு. இந்த மனுஷன் தினம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறாரு. கண்ணாடி வழியா மருந்தைப் பாத்துட்டும் வந்தாராம். நான் இங்க நாக்கு வறண்டு, கண்ணு இருட்டிக் கிடக்கறேன். ஒரு கல்லை எடுத்து அந்தப் பூட்டை உடைச்சு எடுத்துட்டு வரத் தோணல இவருக்கு. அந்தக் கட்டடத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் நடந்துக்கிட்டே இருக்காரு. நீங்க கொடுத்துடுவீங்கன்னு நம்பிக்கிட்டு நிக்கறாரு. இதைவிட ஒரு பொண்டாட்டிக்கு ஒருத்தன் என்ன கெடுதல் பண்ணிட முடியும்?"

எனக்குத் தரையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

"கனம்," என்றார் தீமை அதிகாரி, மெல்லிய குரலில்.

"நல்ல கனம்," என்றார் நன்மை அதிகாரி.

தராசு ஐயா குமாஸ்தாவைப் படிக்கச் சொன்னார். அவன் எழுந்து படித்தான்: "மனைவி உயிருக்குப் போராடும் நிலையில், கணவர் மேற்படி பூட்டை உடைக்காமல், மேற்படி நிலையத்தாரை நம்பி நின்றமை."

"நம்பி என்பதை அடிக்கோடு போடு," என்றார் தராசு ஐயா. "எடையே அதில்தான் இருக்கிறது. நம்மை நம்புவதைவிடப் பெரிய தீமையை ஒருவன் தன் குடும்பத்துக்குச் செய்துவிட முடியாது. குழு இதை ஒருமனதாக ஏற்கிறது."

எல்லாரும் கை தட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் கையைத் தூக்கி, பாதியில் கீழே போட்டுவிட்டேன். கம்பவுண்டர் எப்போது ஓடினார், எப்போது சீலைப் பிய்த்துப் பூட்டைத் திறந்தார் என்று தெரியாது. கூடத்திலேயே அவளுக்கு ஊசி போட்டார். பஞ்சுக்கு இன்னும் அனுமதி வராததால், குத்தின இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார்.

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டேன். "நிஜமாவே அப்படித்தான் நெனைக்கறியா?"

"எடை வரணுமேன்னு சொன்னேன்."

கொஞ்ச தூரம் போனோம்.

"கொஞ்சம் நிஜமும்தான்," என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது அந்தப் பூட்டை நின்று பார்த்தேன். திறந்து கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரொம்பச் சின்னப் பூட்டு. களைக்கொத்தின் காம்பே போதும்.

இப்போது பலகையில் இடது கொக்கியில் இன்சுலின் தொங்குகிறது, வலது கொக்கியில் நான். பார்வையாளர்கள் வந்தால் தீமை அதிகாரி என்னைத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டுக் காட்டுவார். அவர்கள் ஒரு அடி தள்ளி நின்று பார்ப்பார்கள். மருந்து தவறாமல் கிடைக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. நான் தீமையாகவே நீடிக்கிறேனா என்று அவ்வப்போது ஆள் வந்து சோதிக்கும். திருந்திவிட்டதாகத் தெரிந்தால் ஜோடி கலைந்துவிடும், குளிர்பெட்டிக்கு மறுபடி சீல் விழும். சோதிக்க வருகிறவர் சொல்லிவிட்டு வருவதில்லை. எதிர்ச் சாரியில் டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்றுச் சாயங்காலம் அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. முடிக்க வேண்டிய சட்டைகள் ஒரு குவியல் இருந்தன. நான் இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டு அவளை உட்காரச் சொன்னேன். காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துவிட்டு, ஒரு டீயும் போட்டுக் கொடுத்தேன். நான் தேய்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திடீரென்று எழுந்து, நொண்டிக்கொண்டே போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தினாள்.

"ஒரு நாளாவது எனக்கு ஒத்தாசையா இருந்திருக்கீங்களா? கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே. உங்களைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டேன்?"

பிறகு திரும்பி வந்து காலை மறுபடி ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த நீலச் சட்டைக்கு அவ்வளவு சூடு வேணாங்க, பொசுங்கிடும்," என்றாள்.